பதினோரு வருடத்து வெற்றுப் பதிவேடு

எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் மேலதிகாரி ஒருவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். அந்தப் படியில் பிள்ளைகள் மாதக்கணக்காக விழுந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பிள்ளைகள் விழுந்தால் எழுந்து, முழங்காலை ஊதிக்கொண்டே வகுப்புக்குப் போய்விடுவார்கள். மேலதிகாரி எழுந்து நேராக அலுவலகத்துக்குப் போய் ஒரு சுற்றறிக்கை போட்டார்.

சுற்றறிக்கை சொன்னது இதுதான். இனி ஒவ்வொரு பள்ளியிலும் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் தகுதியானவராக இருக்க வேண்டும். தகுதி என்றால் என்ன என்பதை மூவர் குழு பள்ளி பள்ளியாக வந்து முடிவு செய்யும். அதுவரை பிள்ளைகள் விழாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

நான் எங்கள் பள்ளியின் கிளார்க். வருகிற காகிதத்துக்கு எண் போடுவது, போகிற காகிதத்துக்கு எண் போடுவது, எங்கேயும் போக வேண்டாம் என்கிற காகிதத்தைப் பைலில் வைத்து நாடா கட்டுவது, இவைதான் என் வேலை. குழு எங்கள் பள்ளிக்கு வந்தபோது கூட்டக் குறிப்பு எழுதவும் என்னையே பிடித்து உட்காரவைத்தார்கள். ஆகவே நான் சொல்லப்போவது எல்லாம் எழுத்தில் இருக்கிறது. எரிச்சல் மட்டும் என்னுடையது.

எங்கள் பள்ளியில் பாதுகாப்பு என்று ஒன்று இருந்தால் அது கேட்டில் நிற்கிற மனிதர்தான். பிள்ளைகள் அவரை ‘மெதுவா மாமா’ என்று கூப்பிடுவார்கள். காலை எட்டிலிருந்து எட்டே முக்கால் வரை “மெதுவா... மெதுவா...” என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வராது. கேட்டுக்கு எதிரே சாலை வளைகிறது. வளைவில் லாரி வருவது யார் கண்ணுக்கும் தெரியாது. அவருக்கு மட்டும் தெரியும். எப்படி என்று கேட்டால், “எதிர்க்கடை பாட்டில் எல்லாம் கிணுகிணுக்கும் சார்” என்பார்.

வலது கையால் லாரியை நிறுத்துவார். இடது தோளால் கேட்டைத் தாங்குவார். கேட்டை ஏன் தாங்க வேண்டும் என்றால், அதன் கீழ்க் கீல் உடைந்து நான்கு வருடம் ஆகிறது. பூட்டியிருக்கும்போது நிற்கும். திறந்துவிட்டால் யாராவது தோள் கொடுத்தாக வேண்டும். முதல் வருடம் ஒரு கம்பியை முறுக்கிக் கட்டி வைத்தார். உடனே விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்தது. பொதுச்சொத்தின் மீது அனுமதியில்லாமல் கம்பி சுற்றிய குற்றம். கம்பியை அவிழ்த்துவிட்டுத் தோளைக் கொடுத்தார். தோள் அவருடைய சொந்தச் சொத்து என்பதால் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பதினான்கு கடிதம் எழுதினார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தலைமையாசிரியை பச்சை மையில் ‘ஆவன செய்க’ என்று எழுதி என்னிடம் அனுப்புவார். நான் அதைப் பைலில் வைத்து நாடா கட்டுவேன். அதுதான் ஆவன. பதினான்கையும் கட்டியது இந்தக் கைதான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது குழு வருகிறது. மெதுவா மாமாவுக்குத் தகுதி இல்லை என்று அவர்கள் எழுதிவிட்டால் ஒன்றாம் தேதியோடு வேலை போகும். கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில்தான் அவரும் மனைவியும் குடியிருக்கிறார்கள். வேலையோடு சேர்ந்து அறையும் போகும்.

குழு வந்தது. தலைவர் ஒருவர், சட்ட நிபுணர் ஒருவர், உடற்தகுதி நிபுணர் ஒருவர். உடற்தகுதி நிபுணரால் மாடி ஏற முடியாது என்பதால் கூட்டத்தைக் கீழ்த்தளத்தில் ஒன்றாம் வகுப்பில் வைத்தோம். ஒன்றாம் வகுப்பில் ஒன்றாம் வகுப்பு நாற்காலிகள்தான் இருந்தன. டீச்சர் நாற்காலியில் தலைவர் உட்கார்ந்துகொண்டார். மற்ற இருவரும் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார்கள். சுவரில் யானைப் படம் போட்ட எழுத்து அட்டை தொங்கியது. அதன் கீழேதான் தகுதி நிர்ணயிக்கப்பட்டது.

தலைவர் எழுந்து பேசினார். “பாதுகாப்பு என்பது ஆபத்து வராமல் பார்ப்பது என்று பாமரர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. ஆபத்து வந்த பிறகு அதை முறைப்படி மூன்று பிரதிகளில் எழுதிவைப்பதே பாதுகாப்பு. எழுதப்படாத ஆபத்து, ஆபத்தே அல்ல. எழுதப்பட்ட ஆபத்து, தீர்க்கப்பட்ட ஆபத்து!”

மற்ற இருவரும் கை தட்டினார்கள். நாற்காலி கிறீச்சிட்டது.

உடற்தகுதி நிபுணர் தன் கருத்தைச் சொன்னார். “ஆளைப் பார்த்ததுமே பயம் வரணும் சார். அதான் முதல் தகுதி.”

“யாருக்கு?” என்றார் தலைவர்.

“பிள்ளைங்களுக்குத்தான்.”

“நல்லது,” என்றார் சட்ட நிபுணர். “பயந்தா ஓடும். ஓடினா விழும். விழுந்தா பதிவாகும்.”

மெதுவா மாமாவைக் கூப்பிட்டார்கள். துவைத்து மடித்த சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றார். முதலில் முறைக்கச் சொன்னார்கள். அவர் முறைத்தார். அதாவது கண்ணைப் பெரிதாக்கினார். அந்த நேரம் பார்த்து, தண்ணீர் குடிக்கப் போன ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று உள்ளே வந்து, அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, “மாமா, கண்ணுல தூசியா?” என்று கேட்டது. உடற்தகுதி நிபுணர் பூஜ்யம் போட்டார்.

அடுத்து தலைவர் அனுபவத்துக்கு வந்தார்.

“இதுவரைக்கும் எத்தனை விபத்து சமாளிச்சிருக்கீங்க?”

“ஒண்ணும் நடக்கலீங்க ஐயா.”

“நடந்ததைக் கேக்கல. சமாளிச்சதைக் கேக்கறேன்.”

“நடக்காம சமாளிச்சேன் ஐயா.”

தலைவருக்குப் பிடிபடவில்லை. விபத்துப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். முதல் பக்கத்தில் பள்ளி முத்திரை. அதன் பிறகு இருநூறு பக்கமும் வெள்ளை. நடுவில் ஒரு பக்கத்தில் மட்டும் ஐந்து இதழ் வைத்து ஒரு பூ வரைந்திருந்தது.

“இது என்ன?”

“மழை நாள்ல ஒரு பிள்ளை வரைஞ்சது ஐயா. அவங்க அம்மா வர்ற வரைக்கும் என் ரூம்ல உட்கார்ந்திருந்தா.”

சட்ட நிபுணர் ‘பதிவேட்டுக்குச் சேதம்’ என்று குறித்துக்கொண்டார்.

“பதினோரு வருஷம்!” தலைவர் பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. “ஒரு சிராய்ப்பு? ஒரு வீக்கம்? கதவுல விரல் மாட்டினதுகூட இல்லையா?”

“பிடிச்சிடுவேன் ஐயா.”

“எதை?”

“பிள்ளைங்களை. விழறதுக்கு முன்னாடியே.”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “எழுதிக்கோங்க. ‘விபத்துகளை நடக்கவிடாமல் செய்து, அனுபவம் பெறும் வாய்ப்பைப் பதினோரு ஆண்டுகளாகத் தொடர்ந்து தவறவிட்டிருக்கிறார்.’”

எழுதிக்கொண்டேன். பேனா என்ன செய்யும்?

அடுத்த விண்ணப்பதாரர் உள்ளே வந்தார். வேறொரு பள்ளியிலிருந்து வருகிறவர். அவர் பெயரை யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் நாற்பத்தேழு விபத்து பதிவு செய்தவர் என்பதால், அந்த நிமிடத்திலிருந்து குழுவுக்கு அவர் ‘நாற்பத்தேழு’தான். ஒவ்வொரு விபத்துக்கும் மூன்று பிரதி, இரண்டு கையெழுத்து, ஒரு வரைபடம். கட்டைப் பிரித்து மேசையில் பரப்பினார். சட்ட நிபுணர் ஒரு படிவத்தை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

“மார்ஜின் விட்டிருக்கார் பாருங்க சார்! என்ன கையெழுத்து!”

“மாடிப்படியில மட்டும் இருபத்தொன்பது,” என்றார் நாற்பத்தேழு அடக்கமாக. “சுற்றறிக்கை போட்ட மேலதிகாரி விழுந்ததும் எங்க படியிலதான். ஆனா அதைக் கணக்குல சேர்க்கல. படிவத்துல ‘மாணவரா?’ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ‘ஆம்’ போட்டாத்தான் விபத்து. அவர் மாணவர் இல்லையே. அதனால அவர் விழவே இல்லை.”

குழு அவரது நேர்மையை வெகுவாகப் பாராட்டியது.

ஓரமாக நின்ற மெதுவா மாமா கையை உயர்த்தினார். “அந்தப் படியைச் சரி பண்ணலீங்களா?”

நாற்பத்தேழு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “இருபத்தெட்டுல சரி பண்ணியிருந்தா இருபத்தொன்பது எப்படிங்க வரும்?”

இருந்தாலும் குழு நியாயமான குழு. மெதுவா மாமாவுக்கு ஏழு நாள் அவகாசம் கொடுத்தது. அதற்குள் ஒரே ஒரு விபத்தாவது, சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் நாற்பத்தேழு எங்கள் பள்ளிக்கு வருவார்.

அன்று சாயங்காலம் ஆறுதல் சொல்ல அவர் அறைக்குப் போனேன். அவர் மனைவி தையல் மெஷினில் இருந்தார். பள்ளிச் சீருடைகளில் பாதி அந்த அம்மா தைத்ததுதான். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பிடித்துக்கொண்டார்.

“பதினோரு வருஷத்துல ஒரு பிள்ளையை விழவிடத் துப்பில்லை உங்களுக்கு. அந்தாளு நாற்பத்தேழு வச்சிருக்காராம். நீங்க ஒண்ணுக்கு முழிக்கிறீங்க.”

“கை தானா போயிடுதே, நான் என்ன பண்றது?”

“கையைக் கட்டிட்டு நில்லுங்க. ஓடி வரும்போது கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. அதுகளே விழும்.” இரண்டு தையல் போட்டார். நிறுத்தினார். “ரொம்பச் சின்னதா பாக்காதீங்க. அழுதா நிக்காது.”

“பெரிய பிள்ளையா பாக்கட்டுமா?”

“பெரிய பிள்ளைக்குப் பல்லு போனா மறுபடி முளைக்குமா? அறிவு வேண்டாம்?”

“அப்ப நடுத்தரமா...”

“நாலாவது, அஞ்சாவதா? அதுகளுக்குப் போன வாரம்தானே அளவெடுத்தேன். ‘அத்தை, அத்தை’ன்னு கூசி நெளிஞ்சதுங்க.” மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. “ஒண்ணும் வேண்டாம். மூட்டையைக் கட்டறேன்.”

முதல் நாள் அவர் கையைக் கட்டிக்கொண்டு, கேட்டில் தோளைச் சாய்த்து, வானத்தைப் பார்த்தபடி நின்றார். மூன்றாவது நிமிடம் எதிர்க்கடை பாட்டில்கள் கிணுகிணுத்தன. கட்டிய கை அவரைக் கேட்காமலேயே அவிழ்ந்து போய் லாரியை நிறுத்திவிட்டது.

இரண்டாம் நாள் விஷயம் பிள்ளைகளுக்குத் தெரிந்துபோயிற்று. எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஒருத்தியிடம்தான் சொன்னேன். இரண்டாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் எல்லோரும் அவளைப் ‘பொக்கை’ என்பார்கள். பதிவேட்டில் பூ வரைந்தவளும் அவளே. காலை எட்டு மணிக்குக் கேட்டுக்கு முன்னால் அறுபது பிள்ளைகள் விழுவதற்கு வரிசையில் நின்றார்கள்.

“மாமா, நான் குப்புற விழறேன்!”

“எனக்கு மல்லாக்க நல்லா வரும் மாமா!”

“டேய், வரிசையில வாடா. நான்தான் முதல்ல விழணும்.”

ஒவ்வொருவராக ஓடிவந்து விழுந்தார்கள். அறுபது பேரையும் பிடித்துவிட்டார். ஒருவன் பிடிபடாமல் இருக்கப் பக்கவாட்டில் உருண்டான். அவனையும் காலால் அணைத்து நிறுத்தினார். முடிவில் வியர்த்து வழிய நின்று, “மெதுவா விழுங்க, மெதுவா விழுங்கன்னு சொன்னா கேக்கறீங்களா?” என்று திட்டினார்.

நான்காம் நாள் மனசு கேட்காமல் நானே விழுந்தேன். கேட்டருகே யாரும் பார்க்காதபோது கால் இடறியதுபோல நடித்தேன். நிஜமாகவே இடறிவிட்டது. கணுக்கால் பூசணி மாதிரி வீங்கியது. படிவத்தை எடுத்தால், ‘மாணவரா?’ என்ற கட்டம். எனக்கு வயது நாற்பத்தொன்பது. ஆகவே நானும் விழவில்லை. விழாத காலோடு பத்து நாள் நொண்டினேன்.

ஏழாம் நாள் காலை பொக்கை நொண்டிக்கொண்டே வந்தாள். முழங்காலில் பளிச்சென்று ஒரு சிராய்ப்பு. அவர் பதறிப்போய்க் குனிந்தார். அவள் காலை நீட்டிக் காட்டினாள்.

“மாமா, இதை நீங்க வச்சுக்கோங்க.”

“எப்படிடா ஆச்சு?”

“நேத்து விழுந்தேன். உங்களுக்காக அம்மாகிட்ட மருந்து போட வேண்டாம்னுட்டேன்.”

நான் நொண்டிக்கொண்டே ஓடிப்போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் கையில் பேனாவைத் திணித்தேன். “எழுதுங்க அண்ணே. யோசிக்காதீங்க.” அவர் எழுத ஆரம்பித்தார். நாள், நேரம், மாணவரா, ஆம். ‘இடம்’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றது.

“எங்க விழுந்தேம்மா?”

“வீட்ல. கட்டில்லேர்ந்து குதிச்சேன்.”

‘கேட்’ என்று இரண்டெழுத்து எழுதினால் முடிந்தது. நான் அவர் முழங்கையை இடித்தேன். அந்த மனிதர் ‘வீடு’ என்று எழுதி, அழகாகப் புள்ளியும் வைத்தார். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு போய் மருந்து போட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் என் வீங்கிய காலாலேயே சுவரை உதைத்தேன்.

அன்று காலையே மறுபடி வந்த குழு அதைப் படித்துப் பார்த்தது. வீட்டில் விழுந்தது எல்லைக்கு வெளியே என்று சட்ட நிபுணர் தள்ளினார். மெதுவா மாமா தகுதியற்றவர் என்றும், நாற்பத்தேழு உடனடியாகப் பொறுப்பேற்கிறார் என்றும் ஏகமனதாகத் தீர்மானம். பொறுப்பு ஒப்படைக்கும் நிகழ்ச்சி கேட்டிலேயே நடக்கும்.

பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய், பிரார்த்தனை முடிந்து, வகுப்பில் உட்கார்ந்த பிறகு நாங்கள் கேட்டுக்கு வந்தோம். கேட் திறந்திருந்தது. அவர் தோள் கொடுத்து நின்றுகொண்டிருந்தார். அறை வாசலில் அவர் மனைவி இரண்டு மூட்டையும் தையல் மெஷினுமாக நின்றார். படம் பிடிக்க வசதியாகப் பள்ளியின் பெயர்ப்பலகை கேட்டிலேயே இருந்ததால், குழு அதன் அடியில் வரிசையாக நின்றது. தலைமையாசிரியை போட்டோ எடுக்கக் கைபேசியைத் தூக்கினார்.

மெதுவா மாமா விசிலைக் கழற்றி நாற்பத்தேழு கையில் கொடுத்தார்.

“கேட்டையும் விடுங்க,” என்றார் தலைவர். “தகுதி இல்லாதவங்க பாதுகாப்புச் சாதனம் எதையும் தொடக்கூடாது. கிளார்க், இதையும் உத்தரவா எழுதிக்கோங்க.”

“ஐயா, நான் தோளை எடுத்தா கேட் விழுந்துடும்.”

“அப்படின்னா எழுத்து மூலமா கொடுங்க.”

“பதினாலு தடவை கொடுத்திருக்கேன் ஐயா.”

“பதினஞ்சாவது கொடுங்க. பரிசீலிக்கறோம்.”

“அப்ப நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்.”

“தள்ளி நின்னா பேரு தெரியாது,” என்றார் தலைமையாசிரியை கைபேசிக்குப் பின்னாலிருந்து. “இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க சார்.”

மெதுவா மாமா நாற்பத்தேழைப் பார்த்து, தோளை மாற்றிக்கொள்ளும்படி கண்ணைக் காட்டினார். நாற்பத்தேழின் ஒரு கையில் பேனா, மறு கையில் படிவக் கட்டு, வாயில் விசில். அவர் அசையவில்லை. “உத்தரவு உத்தரவுதானே! விடுங்கய்யா!” என்று தலைவர் அதட்டினார்.

விட்டார்.

கேட் உடனே விழவில்லை. நான்கு வருடமாகச் சாய்ந்து பழகிய தோளைத் தேடுவதுபோல ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு குழுவின் மேல் சாய்ந்தது. நல்ல வேளையாக உள்ளே ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. கேட் அதன் மேல் முட்டி, தரைக்கு ஒரு முழம் மேலே நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. மூவரும் கம்பிகளுக்குக் கீழே நான்கு கால்களில் நின்றார்கள். உடற்தகுதி நிபுணரின் தலை மட்டும் வெளியே இருந்தது.

மெதுவா மாமா குனிந்து கம்பியில் கை வைத்தார். “தூக்கட்டுமா ஐயா?”

“தூக்...” என்று தலைவர் ஆரம்பித்தார்.

“இருங்க சார்,” என்றார் பக்கத்தில் இருந்த சட்ட நிபுணர். “தகுதி இல்லாதவர் தொடக்கூடாதுன்னு இப்பத்தானே உத்தரவு போட்டீங்க. அது அமல்ல இருக்கு.”

“அப்ப ரத்து பண்ணுவோம்.”

“அதுக்குக் கூட்டம் கூட்டணும். மூணு பேரும் இருக்கோம். ஆனா அவர் தலை வெளிய இருக்கு. தலை வெளிய இருந்தா வருகையில சேராது.”

உடற்தகுதி நிபுணர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கூட்டம் தொடங்கியது. நான் குப்புறப் படுத்துக் குறிப்பு எழுதினேன்.

இதற்குள் நாற்பத்தேழு முட்டிபோட்டு உட்கார்ந்து, மூன்று பிரதிக்கும் நடுவே கார்பன் வைத்து, வேலையைத் தொடங்கிவிட்டார். ஆள் தன் தொழிலில் கெட்டிக்காரர், அதை மறுப்பதற்கில்லை.

“நேரம் ஒன்பது பத்து. இடம் கேட். மாணவரா? இல்லை.” பேனாவை மூடினார். “சாரி சார். விபத்து நடக்கல.”

“நான் கம்பிக்கு அடியில இருக்கேன்யா!”

“இருக்கீங்க சார். ஆனா பதிவாகாது. பதிவாகலைன்னா மீட்புக்கு வழி இல்லை.”

தலைவர் கம்பி வழியாக வானத்தைப் பார்த்தார். “நானெல்லாம் இன்னைக்கும் கத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மாணவன்னே போடுங்க.”

“எந்த வகுப்பு சார்?”

“போன வாரம் எங்க உட்கார்ந்திருந்தோம்? ஒண்ணாம் வகுப்பு.”

தலைமையாசிரியை அதே இடத்தில் அனுமதி வழங்கினார். நான் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவந்து மூவரையும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். வயது ஐம்பத்தெட்டு, ஐம்பத்து மூன்று, ஐம்பத்தைந்து. பெற்றோருக்குத் தகவல் சொல்லப்பட்டதா என்று ஒரு கட்டம் இருந்தது. சட்ட நிபுணர் தன் அம்மாவுக்குப் போன் செய்தார். “ஒண்ணுமில்லம்மா. ஸ்கூல்ல விழுந்துட்டேன். இல்ல, அழல.”

“தூக்கட்டுமா ஐயா?” என்றார் மெதுவா மாமா.

“இரு. யார் தூக்கறதுன்னு தீர்மானிக்கணும். தகுதியானவர் தூக்கட்டும்.”

எல்லோரும் நாற்பத்தேழைப் பார்த்தோம். அவர் கேட்டை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். “எழுதறதுதான் சார் என் வேலை. தூக்கறதுக்குப் படிவத்துல கட்டமே இல்லை.”

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஐந்து இதழ்ப் பூ இருந்த பதிவேட்டைக் கொண்டுபோய்க் கம்பி இடுக்கு வழியாகத் தலைவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன்.

“சார், இந்த மூணு விபத்தையும் இந்தப் பதிவேட்டுல ஏத்திட்டா இவருக்கு மூணு அனுபவம் ஆயிடும். ஒண்ணுதானே கேட்டீங்க? தகுதி வந்துடும். அப்புறம் இவரே தூக்கலாம்.”

தலைவர் சட்ட நிபுணரைப் பார்த்தார். சட்ட நிபுணர் தவழ்ந்தபடியே யோசித்து, “விதியில தடை இல்லை” என்றார். மூவரும் படுத்தவாக்கில் கையெழுத்துப் போட்டார்கள். உடற்தகுதி நிபுணர் தன் பழைய பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு ஒன்று சேர்த்தார்.

“தூக்கட்டுமா ஐயா?”

“தூக்குய்யா, தூக்கு!”

இடது தோளைக் கீழே கொடுத்து ஒரே எம்பில் தூக்கினார். தூக்கியதும் தலைவர் தவழ்ந்தபடியே பாய்ந்தார். நேரே சாலைப் பக்கம். அந்தச் சமயம் எதிர்க்கடை பாட்டில்கள் கிணுகிணுத்தன. மெதுவா மாமா தோளில் கேட்டோடு வலது கையை நீட்டி, தலைவரின் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார். லாரி கடந்து போயிற்று.

“மெதுவா,” என்றார்.

தலைவர் தலையை ஆட்டினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரியே ஆட்டினார்.

நாற்பத்தேழு தன் படிக்கட்டுக்கே திரும்பிப் போனார். மூட்டைகள் அறைக்குள் போயின. மெதுவா மாமா கையில் பாதுகாப்பு அலுவலர் என்ற சான்றிதழ் வந்தது. அன்று மாலையே அவர் பதினைந்தாவது கடிதத்தை எழுதினார், ‘பாதுகாப்பு அலுவலர் அவர்களுக்கு’ என்று. எழுதிவிட்டு அவரே வாங்கிப் படித்தார். கடைக்குப் போனார். கீல் வாங்கி வந்தார். மனைவி விளக்கைப் பிடிக்க, அரைமணியில் மாட்டிவிட்டார். மறுநாள் காலை இடது தோளை என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் தேய்த்துக்கொண்டே நின்றார்.

குழு உறுப்பினர்கள் மூவரும் இன்னும் எங்கள் ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவில் இருக்கிறார்கள். தினமும் ‘வரவில்லை’ போட்டுவருகிறோம்.

ஒரு வருடம் ஓடியது. பொக்கைக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. பெயர் மட்டும் மாறவில்லை. போன வாரம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ‘கடந்த ஆண்டில் தங்கள் பள்ளியில் ஒரு விபத்தும் பதிவாகவில்லை. ஆகவே தங்கள் பாதுகாப்பு அலுவலரின் தகுதியை ஏன் ரத்து செய்யக் கூடாது?’ பதினைந்து நாளுக்குள் பதில் வேண்டுமாம். கீழே தலைவரின் கையெழுத்து, படுத்துக்கொண்டு போட்டதைவிடக் கொஞ்சம் மோசம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டில் பிள்ளைகள் கூட்டம். நடுவில் அவருடைய ஒரு கை மட்டும் தெரிந்தது.

தலைமையாசிரியை கடிதத்தின் ஓரத்தில் பச்சை மையில் ‘ஆவன செய்க’ என்று எழுதி என்னிடம் அனுப்பினார். கீல் பற்றிய பதினான்கு கடிதங்கள் இருக்கிற பழைய பைலை அலமாரியின் அடியிலிருந்து இழுத்தேன். தூசியைத் தட்டினேன். அவற்றுக்கு அடியில் இதை வைத்து, நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

என் வேலைக்காலத்தில் அந்தப் பைலுக்குள் போன எந்தக் காகிதமும் வெளியே வந்தது கிடையாது.